பாறை பேசிற்று! வேட்டைக்காரர் கேட்டார்!

மலை சரிந்தது. பனியாறு பெயர்ந்தது. ஊர் ஒன்று மண்ணுக்கடியில் மறைந்தது.

2025ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டின் வாலே மாநிலத்தில், பிளாட்டன் எனும் சிற்றூருக்கு நேர்ந்த கதி இது. உச்சியில் நின்ற பாறை உடைந்து உடைந்து பனியாற்றின் முதுகில் குவிந்தது. பாரம் தாங்காத பனியாறு, பாறையும் பனியுமாகப் புரண்டு வந்து ஊரின் மீது விழுந்தது. ஊரில் பத்தில் ஒன்பது பங்கு புதைந்தது. அங்கே வாழ்ந்தவர் ஏறத்தாழ 300 பேர். மாண்டவர் எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர்!

எப்படி? மலைத் தெய்வம் மனம் இரங்கிற்றா? மந்திரம் ஓதி மலையைக் கட்டி வைத்தனரா? நெய்யூற்றி வேள்வி வளர்த்தனரா? இல்லை தோழர்களே, இல்லை! கருவி வைத்து மலையை அளந்துகொண்டிருந்தனர். இன்று எவ்வளவு நகர்ந்தது, நேற்று எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தனர். மே 19ஆம் நாளே, ஊரைக் காலி செய்யுங்கள் என்று ஆணை பிறந்தது. மக்கள் ஆடு மாடுகளோடு வெளியேறினர். ஒன்பது நாள் கழித்து மலை வந்தது. வீடு போயிற்று, ஆள் பிழைத்தனர்.

அறிவு ஊரைக் காக்கவில்லை, ஊராரைக் காத்தது. அந்த அறிவு எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழகத்துப் பட்டுத் திரைக்குப் பின்னாலிருந்தா? அரண்மனைக் கூடத்திலிருந்தா? அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கல் எப்படி வந்தது?

பனியாறு என்றால் என்ன? உயர்ந்த மலையில் பனி பெய்கிறது. கோடையில் உருகாமல் மிச்சம் நிற்கிறது. அடுத்த ஆண்டுப் பனி அதன்மேல் விழுகிறது. ஆண்டுக்கு ஆண்டு அடுக்கு ஏற, அடியில் உள்ளது அழுந்தி இறுகிக் கட்டியாகிறது. தன் பாரத்தால் தானே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஆறு என்கிறோம், ஆனால் அது ஓடாது, ஊரும். ஊரும்போது வீடளவு பாறைகளையும் சுமந்து வரும். அடியில் சிக்கிய கற்கள், பட்டறையில் அரம் இரும்பை ராவுவதுபோல், தரைப் பாறையை ராவிக் கோடு கிழிக்கும். உருகி முடியும் இடத்தில் சுமந்து வந்ததையெல்லாம் மேடாகக் கொட்டிவிட்டுப் போகும்.

அந்த நாட்டில் ஒரு புதிர் இருந்தது. பனியாறே இல்லாத சமவெளியில், சுண்ணாம்புக் குன்றுகளின் மேல், அந்த மண்ணுக்கு உறவே இல்லாத பெரும் பெரும் கருங்கற்கள் கிடந்தன. அவை எப்படி வந்தன? கற்றறிந்தோர் பலர், வெள்ளம் கொண்டு வந்தது என்றனர். வெறும் வெள்ளமா? அந்த நாட்களில் அவர்களில் பலர் மனத்தில் இருந்தது வேதாகமம் கூறும் பெருவெள்ளம்! ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் நிலவியல் அறிஞரும் பாதிரியாருமான வில்லியம் பக்லாண்ட், 1823ஆம் ஆண்டில் அந்த வெள்ளத்துக்குச் சான்று காட்ட ஒரு நூலே எழுதினார். ஆமாம், பிரளயப் புராணம் நமக்கு மட்டும் சொந்தமல்ல, அங்கும் இருந்தது. கல்லைப் பார்க்குமுன் ஏட்டைப் பார்க்கும் பழக்கம் அங்கும் இருந்தது.

கல்லைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். ழான் பியேர் பெரோடன் என்பது அவர் பெயர். வாலே மாநிலத்துப் பாஞ் பள்ளத்தாக்கில், லூர்த்தியே எனும் சிற்றூர்க்காரர். மலையாடு வேட்டையாடுவது தொழில். தச்சு வேலையும் தெரியும். வேடன் என்று எழுதி, 'அவன்' என்று அழைக்க நம் பேனா இசையவில்லை. 'அவர்' என்றே எழுதுவோம்.

ஆட்டைத் தேடி மலை மலையாக அலைந்தவர் அவர். பனியாற்றுக்குப் பக்கத்துப் பாறையில் கோடு கிழிந்திருப்பதைக் கண்டார். பனியாறே இல்லாத கீழ்ப் பள்ளத்தாக்கிலும் அதே கோடு, அதே வழவழப்பு, அதே வேற்றூர்க் கல்! அப்படியானால்? ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும், மார்ட்டின்யி நகரம் வரையில், பனியாறு நிரப்பிக் கிடந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். மார்ட்டின்யிப் பக்கம் கிடக்கும் கற்கள் நீர் புரட்டிவரக் கூடிய அளவினவா என்பது அவர் எழுப்பிய கேள்வி.

1815ஆம் ஆண்டில் உப்புச் சுரங்கத்தின் இயக்குநர் ழான் தெ ஷார்பெந்தியே என்பவர் மலைப் பயணம் வந்து, பெரோடனின் குடிலில் ஓர் இரவு தங்கினார். இவர் தம் கருத்தைக் கூறினார். அவர் கேட்டார், சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. ஆராயத் தக்கதென்றே எண்ணவில்லை என்று பல்லாண்டு கழித்து அவரே தம் நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேட்டைக்காரருக்கு என்ன நிலவியல் தெரியும் என்ற எண்ணம் நல்லவர் நெஞ்சிலும் புகுந்து நின்றது!

பனி அணையும் பாட்டாளியும்

மூன்றாண்டு சென்றது. 1815இல் கிழக்கிந்தியத் தீவுகளில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகைமண்டலம் சூரிய ஒளியை மறைக்க, 1816இல் ஐரோப்பாவில் கோடையே இல்லாமற்போயிற்று. பயிர் கருகிற்று, பசி பரவிற்று, பனியாறுகள் வளர்ந்தன. பாஞ் பள்ளத்தாக்கில் ழியெத்ரோ பனியாற்றிலிருந்து உடைந்து விழுந்த பனி, திரான்ஸ் ஆற்றைக் குறுக்கே அடைத்துவிட்டது. அணைக்குப் பின்னால் ஏரி பெருகிற்று.

அரசு அனுப்பிய பொறியாளர் இக்னாட்ஸ் வெனெட்ஸ். பனிக்குள் சுரங்கம் குடைந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிடலாம் என்று திட்டமிட்டார். திட்டம் அவருடையது, குடைந்தவர்கள் தொழிலாளர்கள். தலைக்குமேல் பனிக்கட்டி இடிந்து விழ விழக் குடைந்தனர். ஏரியில் மூன்றில் ஒரு பங்களவு வடிந்தது. அதற்குள், 1818ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அணை உடைந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். சுரங்கம் குடையாதிருந்தால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்கும்!

அந்தப் பணியின்போது மலையைக் கண்ணால் கண்ட வெனெட்ஸ், பெரோடனின் பேச்சைத் தள்ளவில்லை. தாமே ஆராய்ந்தார். 1829ஆம் ஆண்டில், பனியாறுகள் ஒரு காலத்தில் மிகப் பரந்து கிடந்தன என்று சுவிஸ் இயற்கை அறிஞர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். கூட்டம் ஏற்கவில்லை. ஏற்றவர் ஒருவர்: முன்பு பெரோடனை நம்பாத ஷார்பெந்தியே! வெனெட்ஸ் சொல்வது தவறு என்று மெய்ப்பிக்கப் புறப்பட்டார், மலையைப் பார்த்தார், மனம் மாறினார். 1834இல் இதை அறிஞர் அவையில் பேசுவதற்காகப் பயணப்பட்டபோது, வழியில் கண்ட ஒரு கருங்கல்லைப் பற்றி விறகுவெட்டி ஒருவர், இது கிரிம்செல் மலையிலிருந்து பனியாறு கொண்டு வந்த கல் என்று தாமாகவே கூறினாராம். அவை நம்ப மறுத்ததை, வேட்டைக்காரரும் விறகுவெட்டியும் அறிந்திருந்தனர்! ஏன்? அவர்களுக்கு மலையே பள்ளிக்கூடம்.

புகழ் பெற்றவரும் புழுதியும்

இந்தக் கருத்தை உலகறியச் செய்தவர் லூயி அகாசி. 1836இல் ஷார்பெந்தியேயிடம் கற்றார். 1837ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், நேஷாட்டல் நகரில், ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பனி போர்த்திக் கிடந்தது என்று முழங்கினார். 'பனியூழி' எனும் கருத்து மேடை ஏறிற்று. எதிர்ப்புப் பறந்தது. மீன் ஆராய்ச்சிக்கே திரும்புமாறு பேரறிஞர் ஹம்போல்ட்டே அறிவுரை கூறினார். அகாசி அசையவில்லை. பனியாற்றின் மேலேயே குடில் போட்டுத் தங்கி அளந்தார். 1840இல் நூல் வெளியிட்டார்; ஷார்பெந்தியேயின் நூல் வந்ததோ 1841இல். கற்றுக்கொடுத்தவர் பின்தங்கினார், கற்றுக்கொண்டவர் முந்தினார்.

வெள்ளத்துக்கு நூல் எழுதிய பாதிரியார் பக்லாண்ட் என்ன ஆனார்? அகாசியோடு 1840இல் ஸ்காட்லாந்து மலைகளைச் சுற்றிப் பார்த்தார். கோட்டைக் கண்டார், மேட்டைக் கண்டார். தாம் வெள்ளத்தின் சுவடு என்று எழுதியது பனியின் சுவடு என்று ஒப்புக்கொண்டார். இதைப் பாராட்டாமல் இருக்க நமக்கு மனம் வரவில்லை. எழுதிய நூலையே எதிர்த்து நிற்கும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு உண்டு?

ஆனால் அகாசியின் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் நாம் பேசும் சமத்துவத்துக்குப் பொருளில்லை. அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரான அகாசி, வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு, தனித்தனியே படைக்கப்பட்டவர்கள், சமமானவர்கள் அல்லர் என்று பேசினார்! அதற்குச் சான்று தேட, 1850இல் தென் கரோலினாவில் அடிமைகளாக இருந்த ஆண் பெண்களின் ஆடை களைந்து படம் எடுக்கச் செய்தார். பாறையின் கோட்டைப் படித்த கண், மனிதனின் முகத்தைப் படிக்கத் தவறிற்று. முகத்தில் பிறந்தான், காலில் பிறந்தான் என்று கதைத்தவர்களுக்கும், விஞ்ஞான உடையணிந்து அதையே சொன்ன இவருக்கும் என்ன வேறுபாடு?

காலம் தீர்ப்பளித்தது. கேம்பிரிட்ஜ் நகரில் அவர் பெயர் தாங்கிய பள்ளிக்கு, 2002ஆம் ஆண்டில் அதே பள்ளியின் தலைமையாசிரியையாகப் பணியாற்றிய கறுப்பினப் பெண்மணி மரியா பால்ட்வினின் பெயர் சூட்டப்பட்டது. நேஷாட்டலிலேயே அவர் பெயரிலிருந்த திடல், 2019இல் டிலோ ஃப்ரே எனும் பெண்மணியின் பெயரைப் பெற்றது. ஆப்பிரிக்கத் தாய்க்குப் பிறந்து, 1971இல் சுவிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். அகாசியின் பனியாற்று ஆய்வை யாரும் அழிக்கவில்லை, அது நிற்கிறது. ஆளைத் தொழவேண்டாம், ஆய்வைச் சோதித்து எடுத்துக்கொள்வோம் என்பதே பகுத்தறிவு.

காவலாள் கணக்கிட்டார்

பனியூழி வந்தது சரி, ஏன் வந்தது? விடை தேடியவர் ஜேம்ஸ் குரோல். ஸ்காட்லாந்தில் 1821இல் பிறந்தவர். தந்தை கல்தச்சர், கையகல நிலத்தில் பாடுபட்டவர். மகன் பள்ளிக்கூடத்தை விட்டது 13 வயதில். ஆலை இயந்திரம் செப்பனிடும் வேலை, தச்சு வேலை. முழங்கை நோய் கண்டது, தச்சும் போயிற்று. தேயிலைக் கடை வைத்தார், நடக்கவில்லை. மது விற்காத விடுதி நடத்தினார்; ஆள் வரவில்லை. காப்பீடு விற்கும் முகவராக அலைந்தார், பிடிக்கவில்லை.

1859ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரின் ஆண்டர்சன் கல்லூரியில், அருங்காட்சியகக் காவலாளாக வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம். ஆனால் அங்கே ஒரு நூலகம் இருந்தது! கதவைத் திறந்து மூடும் வேலைக்கு வந்தவர், நூலைத் திறந்தார், மூடவே இல்லை. 1864ஆம் ஆண்டில் அந்தக் காவலாள் எழுதிய கட்டுரை அறிவியல் ஏட்டில் வெளிவந்தது.

அவர் சொன்னது இதுதான். பூமி சூரியனைச் சுற்றும் பாதை எப்போதும் ஒரே வடிவம் அல்ல. சில காலம் வட்டத்தை ஒட்டியிருக்கும். சில காலம் சற்றே நீண்டிருக்கும். பூமி பம்பரம்போல் தலையாட்டியும் சுற்றுகிறது. அதனால் பருவந்தோறும் கிடைக்கும் வெயில், ஆயிரமாயிரம் ஆண்டுகளில் சிறுகச் சிறுக மாறுகிறது. சிறிய மாற்றம்தானே, அது எப்படிக் கண்டத்தையே பனியால் மூடும் என்று கேட்பவருக்கும் விடை வைத்திருந்தார். கொஞ்சம் பனி கூடினால் தரை வெளுக்கும். வெளுத்த தரை வெயிலைத் திருப்பி அடிக்கும். குளிர் கூடும். மேலும் பனி நிற்கும். மேலும் தரை வெளுக்கும். வட்டிக்கு வட்டி ஏறும் கடன்போல் குளிர் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்!

அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது. டார்வின் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டார். 1867இல் ஸ்காட்லாந்து நிலவியல் ஆய்வுத் துறையில் பணி கிடைத்தது. 1875இல் பெருநூல் வந்தது. 1876இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பள்ளியை 13 வயதில் விட்டவருக்குப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கிற்று.

அவர் கணக்கில் பிழையும் இருந்தது. கடுங்குளிர் காலமே பனியூழியைக் கொண்டு வரும் என்றார்; கடைசிப் பனியூழி சுமார் 80,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்றார். களச் சான்றுகள் இசையவில்லை. அவர் கருத்து ஓரம் கட்டப்பட்டது. அதை மீட்டவர் செர்பிய நாட்டு மிலுட்டின் மிலன்கோவிச். 1914இல் போர் மூண்டதும் ஆஸ்திரிய ஆட்சி அவரைச் சிறைப்பிடித்தது. பின்னர் புடாபெஸ்ட் நகரில் காவலில் இருந்தபடியே நூலகத்தில் அமர்ந்து கணக்கைத் தொடர்ந்தார். முக்கியம் குளிர்காலமல்ல, கோடை என்று கண்டார். ஐப்பசியில் வாங்கிய கடனைத் தையில் அடைத்துவிட்டால் கடனில்லை. அடைக்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும். குளிர்காலத்தில் விழுந்த பனியைக் கோடை தீர்க்காவிட்டால் பனியூழி! 1941இல் அவர் பெருநூல் முடிந்தது. 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கில்டன் ஆகிய மூவர் கடலடி வண்டலை ஆராய்ந்து, சுமார் ஒரு லட்சம், 41,000, 23,000 ஆண்டுத் தாளங்கள் அதில் பதிந்திருப்பதைக் காட்டினர். காவலாளின் அடிப்படை எண்ணம், திருத்தத்தோடு வென்றது.

'முன்பும் மாறியதே' என்போருக்கு

இங்கேதான் எத்தர்கள் குறுக்கே வருகிறார்கள். "பார்த்தாயா, தட்பவெப்பம் முன்பும் மாறியிருக்கிறது, அப்போது ஆலை இருந்ததா, மோட்டார் இருந்ததா? இப்போது மாறினால் மட்டும் ஏன் கூச்சல்?" என்கிறார்கள். கேள்வி கேட்பது நல்லது. விடையையும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அண்டார்க்டிகாவில் மூன்று கிலோமீட்டர் ஆழம் பனியைத் துளைத்து எடுத்திருக்கிறார்கள். பனிக்குள் பழங்காலத்துக் காற்று குமிழியாகச் சிறைப்பட்டிருக்கிறது. எட்டு லட்சம் ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. அந்த நெடுங்காலம் முழுவதும் காற்றில் கரியமில வாயு, பத்து லட்சத்தில் 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையேதான் ஏறி இறங்கிற்று. இன்று 420ஐயும் தாண்டிவிட்டது! அந்த வாயு வெயிலில் அதிகம் சூடேறுவதை 1856இல் யூனிஸ் ஃபுட் எனும் அமெரிக்கப் பெண்மணி சோதித்துக் காட்டினார். அது வெப்பத்தைப் பிடித்து வைப்பதை, குரோல் காவலாளாகச் சேர்ந்த அதே 1859இல் ஜான் டிண்டால் அளந்து காட்டினார்.

கடைசிப் பனியூழியிலிருந்து பூமி சுமார் 5 பாகை செல்சியஸ் சூடேற ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டு பிடித்தது. இன்றோ ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒரு பாகைக்கு மேல் ஏறிவிட்டது. இயற்கை மெல்ல நடந்த வழியில் மனிதன் குதிரை மேல் போகிறான். முன்பும் ஊரில் தீப்பிடித்தது உண்டு என்பதற்காக, இன்று கொள்ளி வைத்தவனை விட்டுவிடுவதா? 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பெரோடன் கண்ட பனி கண்முன்னே கரைகிறது.

கரியை எரித்து இலாபம் கண்டவர் யார்? இன்றுவரை காற்றில் கொட்டப்பட்ட கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கே முதலிடம். வெயிலில் வேகுபவர் யார்? கட்டடத்தில் கல் சுமப்பவர், உப்பளத்தில் நிற்பவர், கடலோரம் குடிசை போட்டவர். இலாபம் ஒரு கரையில், இழப்பு மறு கரையில்!

நமக்குள்ளும் ஒன்று பேசியாக வேண்டும். கடல்கொண்ட குமரிக் கண்டம் என்று நாம் மேடையில் பேசி மகிழ்ந்ததுண்டு. இந்துமாக்கடலில் ஒரு கண்டமே மூழ்கிற்று என்பதற்கு நிலவியலில் சான்றில்லை. அடுத்தவன் புராணத்தைக் கேள்வி கேட்கும் நாம், நம் ஆசையையும் கேள்வி கேட்க வேண்டாமா? ஆனால் உண்மை ஒன்று உண்டு, அதுவும் சிறியதல்ல. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், தண்ணீரெல்லாம் பனியாகக் குவிந்திருந்தபோது, கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அன்று தரை! ஈழத்துக்கு நடந்தே போகலாம். பனி உருகிற்று, கடல் ஏறிற்று, கரையோரம் மூழ்கிற்று. கடல் ஏறும் என்பது கற்பனையல்ல. ஏறிய தடம் நம் வாசலிலேயே இருக்கிறது.

தோழர்களே! வேட்டைக்காரர் சொன்னபோதே கேட்டிருந்தால் எத்தனை ஆண்டு மிச்சமாகியிருக்கும்! நூலகக் கதவு திறந்திருந்ததால் ஒரு காவலாள் வானைக் கணக்கிட்டார். கதவு மூடியிருந்ததால் எத்தனை குரோல்கள் துடைப்பத்தோடே மாண்டனரோ!

நம் படிப்பகங்களைத் திறந்து வையுங்கள். அரசியல் ஏட்டின் பக்கத்தில் அறிவியல் ஏடும் கிடக்கட்டும். வேலை முடிந்து வரும் தோழர் கையில் எடுத்துப் புரட்டட்டும். புரியாததை உரக்கக் கேட்கட்டும். படித்தவர் அதைக் காது கொடுத்துக் கேட்கட்டும். பிளாட்டனில் மக்கள் பிழைத்தது, மலையை அளந்தவர் இருந்ததாலும், அளந்தவர் சொல்லை அரசு மதித்ததாலும்தான். இங்கும் அளப்பவர் வேண்டும்; மதிக்கும் அரசு வேண்டும்; மதிக்காவிட்டால் தட்டிக் கேட்கும் மக்கள் வேண்டும். அந்த மக்கள் நாம்தான்.